ஓட்டுநர் இல்லாக் காருக்குப் புறத்தேர்வாளர் யார்?



மேனிலைப் பள்ளிகளில் செய்முறைத் தேர்வு நடக்கும்போது வேறொரு பள்ளியிலிருந்து ஆசிரியர் ஒருவர் வருவார். அவரைப் புறத்தேர்வாளர் என்கிறோம். கல்லூரிகளிலும் இவ்வழக்கம் உண்டு. உங்களுக்குப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர் நேர்மையில்லாதவர் என்பதனாலா வெளியாரை அழைக்கிறார்கள்? இல்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது உலக வழக்கு. ஆக்கியவரே அளப்பவராகவும் இருந்தால், அவர் அறியாமலேயே அளவு கோணிவிடும். இந்த எளிய உண்மையை மனத்தில் கொண்டு மேலே படியுங்கள்.

மனிதர் ஓட்டாமல் கணிப்பொறியே ஓட்டும் கார்கள் அமெரிக்காவிலும் சீனாவிலும் சில நகரங்களில் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. ஒளிப்படக் கருவிகளும், ரேடாரும், லேசர் கதிர்களை வீசித் தொலைவை அளக்கும் கருவியும் அதன் கண்கள். கணிப்பொறி நிரல் அதன் மூளை. இத்தகைய கார் பாதுகாப்பானதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் யார்? இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒரு விபத்தைப் பார்ப்போம். 2018ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்னும் நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானோட்டிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியின் மீது மோதியது. அவர் இறந்துபோனார். கருவிகள் அவரைக் காணவில்லையா? கண்டன! மோதலுக்கு 5.6 விநாடிகள் முன்பே கண்டன. அப்போது காரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர்.

இங்கே பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 70 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 19.4 மீட்டர். 5.6 விநாடியில் கார் கடக்கும் தொலைவு 100 மீட்டருக்கும் மேல். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்று கொள்வோம். வேகத்தின் இருமடியை முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால், நிற்பதற்கு வேண்டிய தொலைவு 27 மீட்டர் எனக் கிடைக்கும். முடிவெடுக்க ஒரு முழு விநாடி வீணானாலும்கூட 46 மீட்டரே ஆகும். இடம் இருந்தது; நேரமும் இருந்தது. பிறகு ஏன் கார் நிற்கவில்லை?

கணிப்பொறி அவரை ஒருமுறை வாகனம் என்றது. பிறகு இன்னதென்று தெரியாத பொருள் என்றது. பின்னர் சைக்கிள் என்றது. கடவைக் கோடு இல்லாத இடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பார் என்னும் செய்தியே அந்த நிரலில் இல்லை! காரைச் செய்த நிறுவனம் பொருத்தியிருந்த அவசரப் பிரேக் அமைப்பும் சோதனையின்போது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கண்காணிக்க அமர்ந்திருந்தவரின் கண்ணோ கைப்பேசியில் இருந்தது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிய வந்தது? அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டதால் தெரிய வந்தது. அவ்வாரியம் கார்த் தொழிலுக்கும் கட்டுப்பட்டதன்று. போக்குவரத்துத் துறைக்கும் கட்டுப்பட்டதன்று.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பாபநாசத்திலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகத் திருநெல்வேலி வரும் சாலையை எண்ணிப் பாருங்கள். பிசான அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். மறு பாதியில் பேருந்தும், வைக்கோல் ஏற்றிய டிராக்டரும், ஆட்டு மந்தையும் செல்லும். ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் சாலை எது, மக்கள் எது என்று பிரித்தறிய முடியாது. வண்ணார்பேட்டையில் கடவைக் கோட்டைத் தேடிப் போய்ச் சாலையைக் கடப்பவர் எத்தனை பேர்? டெம்பியில் நிரல் அறியாத அந்த ஒரு செய்தி, நமக்கு அன்றாட நடைமுறை. ஆகவே அயல்நாட்டுச் சாலையில் தேறிய கார் நம் சாலையிலும் தேறியதாகக் கொள்ள முடியாது. நம் சாலையை அறிந்தவர்கள் இங்கேயே சோதிக்க வேண்டும்.

"இதற்கெல்லாம் நம் நாட்டில் வழி ஏது?" என்று கேட்கலாம். வழி உண்டு; அதுவும் நம் கண் முன்னே ஓடுகிறது. திருநெல்வேலி–தென்காசி இரயில் பாதை அகலப்பாதையாக மாறி 2012இல் வண்டிகள் ஓடத் தொடங்கின. புதிதாக அமைத்த பாதையில் இரயில்வேத் துறை தன் விருப்பம்போல் பயணிகளை ஏற்றிச் செல்ல முடியாது. இரயில்வேப் பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து, சோதனை ஓட்டம் நடத்தி, அனுமதி தர வேண்டும். இவர் இரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்! விந்தையாகத் தோன்றுகிறதா? காரணத்தோடு செய்த ஏற்பாடு இது. பாதை போடுபவரும் அதைச் சோதிப்பவரும் ஒரே மேலதிகாரிக்குப் பதில் சொல்லக் கூடாது என்று கருதியே, 1941ஆம் ஆண்டில் இந்த ஆய்வாளர்களை இரயில்வே வாரியத்திலிருந்து பிரித்தார்கள்.

பாம்பன் புதிய பாலத்தின் கதை அண்மையது. 2024 நவம்பரில் ஆணையர் தம் அறிக்கையில் திட்டமிடலில் குறைகள் உண்டு என்று வெளிப்படையாக எழுதினார்; அரிமானத்தைப் பற்றி எச்சரித்தார். மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது, தூக்குப் பகுதியில் 50க்கு மேல் கூடாது என்ற வரம்புகளோடு அனுமதி தந்தார். இரயில்வே அமைச்சகம் அக்குறைகளை ஆராயக் குழு அமைத்தது. 2025 ஏப்ரல் 6 அன்று பாலம் திறக்கப்பட்டது. சுதந்திரமான வல்லுநர் எல்லாவற்றையும் தடுப்பவர் அல்லர். எந்த அளவுக்கு நம்பலாம் என்று அளந்து சொல்பவர் அவர்.

ஓட்டுநர் இல்லா வண்டிகளுக்கும் இம்முறை வந்துவிட்டது. தில்லி மெட்ரோவில் 2020 டிசம்பர் 28 அன்று முதல் ஓட்டுநர் இல்லா இரயில் ஓடியது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கான இத்தகைய வண்டி 2025 மார்ச்சில் பூந்தமல்லியில் சோதனை ஓட்டம் கண்டது. மெட்ரோவும் பாதுகாப்பு ஆணையரின் கையெழுத்தின்றி மக்களை ஏற்ற முடியாது. வேலி கட்டிய பாதையில், தண்டவாளத்தின் மேல் ஓடும் வண்டிக்கே இத்தனை கட்டுப்பாடு! திறந்த சாலையில், நெல்லுக்கும் ஆட்டுக்கும் சிறுவருக்கும் நடுவே ஓட வேண்டிய காருக்கு அதைவிடக் கடுமையான ஏற்பாடு வேண்டாமா? வேண்டும் என்பதே என் கருத்து.

சிலர் மறுப்பார்கள். "நம் நாட்டில் ஓட்டுநர் இல்லாக் காருக்கு இடமில்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023இல் கூறிவிட்டாரே, பிறகு ஏன் கவலை?" என்பது முதல் மறுப்பு. அமைச்சர் சொன்ன காரணம் ஓட்டுநர்களின் பிழைப்பு. அது நியாயமான கவலைதான். ஆனால் பிழைப்பு வேறு கேள்வி, பாதுகாப்பு வேறு கேள்வி. மேலும், தானாகவே பிரேக் போடும் அமைப்பும், தடம் விலகாமல் பிடித்து நிறுத்தும் அமைப்பும் உள்ள கார்கள் இங்கே ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டன. கணிப்பொறி சிறிது சிறிதாக ஸ்டீரிங்கைப் பற்றுகிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். கணிப்பொறி குடிப்பதில்லை, தூங்கி வழிவதில்லை. அது உயிர்களைக் காக்குமானால், ஆராய்ச்சி என்ற பெயரில் காலம் கடத்துவதும் குற்றம் அன்றோ? உண்மை. அதனாலேயே வல்லுநர் குழுவுக்கு "கூடாது" என்று சொல்லும் துணிவோடு "ஆகட்டும்" என்று சொல்லும் துணிவும் வேண்டும். பாம்பனில் போல, வரம்பு கட்டி அனுமதிக்கலாம். ஆனால் காக்கும் என்று சொல்பவர் விற்பவராக இருந்தால் அது விளம்பரம். அளந்து பார்த்த வெளியார் சொன்னால்தான் அது அறிவியல்.

அத்தகைய குழுவுக்கு மூன்று தகுதிகள் வேண்டும்.

முதலாவது, அதன் உறுப்பினருக்குக் கார் நிறுவனத்தோடு பணத் தொடர்பு இருக்கலாகாது. துறை அறிந்தவர் பலர் நிறுவனங்களில் பணியாற்றியவராகவே இருப்பர் என்பதால், பழைய தொடர்பு இருந்தால் அதை எல்லோரும் அறியச் சொல்லிவிட வேண்டும். பொறியாளரோடு, மலைச் சாலையில் பேருந்து ஓட்டிய அனுபவசாலியும், விபத்துக் காயங்களை அறிந்த மருத்துவரும் அதில் இருக்கட்டும்.

இரண்டாவது, எல்லாப் பதிவுகளையும் பார்க்கும் உரிமை வேண்டும். 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண் ஒருவர் க்ரூஸ் நிறுவனத்தின் தானோட்டிக் காரின் முன் விழுந்தார். அந்தக் காரும் அவர் மீது மோதி, அவரை ஏறத்தாழ 6 மீட்டர் இழுத்துச் சென்றது. இழுத்துச் சென்ற பகுதியை நிறுவனம் அதிகாரிகளிடம் முழுமையாகச் சொல்லவில்லை. உண்மைக்கு மாறான அறிக்கை தந்ததை 2024இல் ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்ட இசைந்தது. தேர்வு எழுதுபவரே விடைத்தாளில் சில பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கொடுத்தால், திருத்துபவர் என்ன செய்வார்?

மூன்றாவது, அறிக்கை வெளியாக வேண்டும். தமிழிலும் வெளியாக வேண்டும். குழுவின் அறிவுரையை அரசு ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பூட்டிய அலமாரியில் கிடக்கும் அறிவுரை யாரையும் காப்பாற்றாது.

நண்பர்களே, ஒரு வேலை செய்யுங்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம், உங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாதுகாப்பான ஓர் ஓரமாக நின்று, சாலையைக் கடப்பவர்களைக் கவனியுங்கள். கடவைக் கோட்டில் கடப்பவர் எத்தனை பேர், மற்ற இடத்தில் கடப்பவர் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும். நாளை எவரேனும் "இந்தக் கார் முற்றிலும் பாதுகாப்பானது" என்று சொன்னால், அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சோதித்தவர் யார்? அவருக்குச் சம்பளம் தருபவர் யார்? அந்த அறிக்கையை நான் எங்கே படிக்கலாம்?