"மீன் தானா வரும்" என்கிறவர்களுக்கு

பேகூசராய்க்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. பி.காம் படித்துவிட்டு பாங்க்கில் குப்பை கொட்டுகிற ஆசாமிக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு வாங்குகிற அளவுக்குத்தான் எனக்கும் தெரிந்திருந்தது, போன வருஷம் ஏப்ரல் வரை.

இங்கே ஊருக்கு ஊர் 'சௌர்' என்று ஒன்று உண்டு. நம்ம ஊர் கண்மாய் மாதிரி கரை கட்டியது இல்லை. சுற்றிலும் மேடு, நடுவில் தாம்பாளம் போல அகலமான பள்ளம். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து நிரப்பும். அப்புறம் மெல்ல வடியும். வடிந்த இடத்தில் கோதுமையும் கடுகும் போடுவார்கள். சித்திரை வாக்கில் நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சும்.

ஒரு விவசாயிக்கு டீசல் பம்பு வாங்க நான் கடன் சாங்ஷன் செய்திருந்தேன். பம்பு வாங்கினாரா, இல்லை பெண் கல்யாணத்துக்குச் செலவு செய்துவிட்டாரா என்று பார்க்கத்தான் போனேன். வாங்கியிருந்தார். ஓடிக்கொண்டும் இருந்தது. குழாயை அந்தக் கடைசிக் குட்டையில் இறக்கியிருந்தார்கள். தண்ணீர் கோடைப் பாசிப்பயறுக்குப் பாய்ந்தது. அடியில் தெரிந்த சேற்றில் பத்துப் பதினைந்து பேர் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். விரால், குறவை, தேளி, விரல் நீளக் குஞ்சு எல்லாம் கூடைக்குள் போனது.

"இப்படி ஒட்ட எடுத்துட்டா அடுத்த வருஷம் என்ன பண்ணுவீங்க?" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். கடன்காரர் சிரித்தார். "மச்லி தோ அப்னே ஆப் ஆ ஜாயேகி, சார்." மீன் தானா வரும்.

ராத்திரி மேலூரில் இருக்கும் மச்சினனிடம் போனில் சொன்னால் அவனும் அதையே சொல்கிறான். "அட போங்க மச்சான், வெரால் சேத்துக்குள்ள கெடந்து அடுத்த மழைக்கு வந்துரும். நம்ம கம்மாயில வரலையா?"

ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இரண்டு பேர், ஒரே நம்பிக்கை. இந்தப் பதிவு அவர்கள் இருவருக்கும்தான். மீன் வானத்திலிருந்து விழுவதில்லை ஐயா!

தண்ணீர் குறைந்தால் எல்லா மீனும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ரோகு, கட்லா மாதிரியான பெரிய கெண்டைகள் வடிகிற தண்ணீரோடு ஆற்றுக்குத் திரும்பப் பார்க்கும். அதற்கு வாய்க்கால் திறந்திருக்க வேண்டும். பீகாரில் 1954 வாக்கில் ஆற்றங்கரை அணைகளின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். இன்று 3,700 கிலோமீட்டருக்கும் மேல். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது மீனின் வழியையும் சேர்த்து அடைத்தது. வழி கிடைக்காமல் உள்ளே மாட்டிக்கொண்டவை வெயிலில் சூடான தண்ணீரில் தவிக்கும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 35 டிகிரியில் 7தான். அதிலும் ராத்திரி முழுக்க நீர்ச்செடிகளும் சேர்ந்து அதையே மூச்சாக இழுப்பதால், விடிவதற்குச் சற்று முன்னால்தான் நிலைமை ரொம்ப மோசம். அந்த நேரத்தில் குட்டைப் பக்கம் போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம்.

மச்சினன் சொல்கிற விரால் வேறு ஜாதி. விரால், தேளி (இங்கே சிங்கி), மாங்குர், பனையேறி கெண்டை எல்லாம் காற்றையே சுவாசிக்கும். தேளிக்கு செவுளிலிருந்து முதுகோரமாகப் பின்னால் நீளும் இரண்டு காற்றுப் பைகள் உண்டு. வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீன் மூழ்கிச் சாகும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இன்னொரு ஆச்சரியம்: தண்ணீர் இல்லாவிட்டால் உடம்பில் சேரும் அம்மோனியாவை மீனால் வெளியேற்ற முடியாது, அதுவே விஷம். ஷில்லாங்கின் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், தேளி அதை நம் ஈரல் செய்வதுபோல யூரியாவாக மாற்றிச் சமாளிக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள்.

ஆக, மச்சினன் சொன்னதில் பாதி சரி. சேற்றில் கிடந்து பிழைக்கும். ஆனால் சேறு ஈரமாக இருக்க வேண்டும். முக்கியமாக, யாரும் கையை விட்டுத் துழாவாமல் இருக்க வேண்டும். வெயிலுக்கும் விஷத்துக்கும் பதில் வைத்திருக்கிற மீனிடம் டீசல் பம்புக்குப் பதில் இல்லை. ஏக்கர் கணக்கில் பரவியிருந்த மீனெல்லாம் ஒரு குட்டைக்குள் வந்து அடையும்போது, இரண்டு நாளில் மொத்தத்தையும் வழித்துவிடலாம். காற்றுக்காக அடிக்கடி மேலே வருவதால் எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கவும் செய்யும்.

முதல் மழைக்கு வயலெல்லாம் குஞ்சாகத் தெரிகிறதே, அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அந்தக் குட்டையில் தப்பித்த நாலு ஜோடியிலிருந்து. விரால் குஞ்சுகளைத் தாயும் தகப்பனும் கூடவே இருந்து காவல் காக்கும். என் தொழில் பாஷையில் சொன்னால் வெள்ளத்து மீன் வட்டி, கடைசிக் குட்டை மீன் அசல். அசலையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வருஷம் வட்டி வரும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

அரசாங்கத்தைக் கேட்டால் குஞ்சு விடுகிறோம் என்பார்கள். விடுவது பெரும்பாலும் ரோகு, கட்லா. காய்கிற சௌரில் அது எத்தனை மாதம் தாங்கும்? மாங்குர் பீகாரின் மாநில மீன். அதே மாங்குர் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் 'அழியும் ஆபத்தில்' என்று இருக்கிறது. மாநில மீன் என்று அறிவித்தால் போதுமா, அது கோடையைக் கழிக்க ஒரு குட்டை வேண்டாமா? மார்க்கெட்டில் மாங்குர் என்ற பெயரில் விற்பதில் பாதி, வளர்க்கவே தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி என்பது என் சந்தேகம். (வீட்டம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன், நானே இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.)

எங்கள் மாவட்டத்துக் காபர் தாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,620 ஹெக்டேர். 2020இல் பீகாரின் முதல் ராம்சார் தலம் ஆனது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மீன் வகைகள் பதிவாகியிருக்கின்றன. மழைக்காலத்தில்கூட ஆழம் ஒன்றரை மீட்டர்தான். தண்ணீரை வெளியேற்றுவதும் உறிஞ்சுவதும்தான் அதன் பெரிய ஆபத்துகள் என்று ராம்சார் குறிப்பே சொல்கிறது. மீனவர்கள் தண்ணீர் நிற்க வேண்டும் என்கிறார்கள், நிலக்காரர்கள் வடிய வேண்டும் என்கிறார்கள். வருஷக்கணக்கில் இதுதான் சண்டை.

விவசாயி எதைத் தின்பான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் விவசாயி மகன்தான், அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். கோதுமை போடட்டும், கடுகு போடட்டும். நான் கேட்பது முழுச் சௌரையும் அல்ல. ஆழமான அந்த ஒரு மூலையை, மழை வரும்வரை பம்பு இறக்காமல் விடச் சொல்கிறேன். சௌரில் நிலம் இல்லாதவர்களுக்கு அந்தப் பொடி மீன்தான் கறி. சந்தையில் ரோகு வாங்க அவர்களிடம் காசு கிடையாது.

எங்கள் பங்கையும் சொல்ல வேண்டும். 2018-19 பட்ஜெட்டில் மீனவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு என்று அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் பம்புக் கடன் கேட்டு வருகிறவர் நிலத்து ரசீதோடு வருவார், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். மீனவர் வந்தால் குத்தகைப் பத்திரம் எங்கே, எத்தனை வருஷத்துக்கு, யார் கையெழுத்து என்று நாலு தடவை அலைய விடுகிறோம். அதே சௌர் காய்ந்தால் எங்களுக்கு நிலம், நனைந்தால் எங்களுக்கு ஒன்றுமே இல்லை. அந்தக் குட்டையை வற்ற வைத்த பம்புக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான். தவணை ஒழுங்காக வருகிறது. கணக்குப்படி அது நல்ல கடன்.

இந்தத் தடவை பம்புக் கடன் பார்வை அறிக்கையில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்படும்? கோடையில் மிஞ்சும் கடைசிக் குட்டையா?' மேலிடத்திலிருந்து ஃபைல் திரும்பி வந்துவிட்டது, எந்த சர்க்குலர்படி இந்தக் கேள்வி என்று பென்சிலில் எழுதி. அதே விவசாயியின் தம்பிக்கும் பம்பு வேண்டுமாம், விண்ணப்பம் என் மேஜையில்தான் இருக்கிறது. பயறு விதைப்புக்கு இன்னும் மூன்று வாரம்.