பத்தொன்பதாவது கணம்

ரெண்டு வருஷமா ஒரு கதை எழுதிக்கிட்டிருக்கேன். ராஜா, காடு, மந்திரம், நாலு விதமான ஜனங்க சேர்ந்து வாழற ஒரு கற்பனை உலகம். சமவெளியில மனுசங்க. மலைக்குள்ள இரும்படிக்கிற உலையர். ஆத்தோரம் நீரர். அப்புறம், கதைன்னா எதிரி வேணுமே, அதுக்காக காட்டுக்குள்ள ஒளிஞ்சு, ராத்திரியில வந்து தாக்குற ஒரு கூட்டம். இருட்டுல வர்றவங்கன்னு அவங்களுக்கு 'இருளர்'னு பேர் வெச்சிருந்தேன்.

எட்டாவது படிக்கிற அக்கா பொண்ணு லீவுக்கு வந்தப்ப பிரிண்ட் எடுத்து வெச்சிருந்ததைப் படிச்சுட்டுக் கேட்டா: "மாமா, இருளர்னு நெஜமாவே இருக்காங்கல்ல? அவங்க இதைப் படிச்சா என்ன நெனப்பாங்க?"

எனக்குப் பேச்சு வரல.

தெரியாம இல்லீங்க. 2021ல 'ஜெய் பீம்' பாத்துட்டு ரெண்டு நாள் தூக்கம் வராம உக்காந்திருந்தவன் நான். செங்கல்பட்டுப் பக்கம் 1978ல ஆரம்பிச்ச இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அங்க எடுக்கற விஷத்துல இருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகுதுங்கறது, 2023ல வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ குடுத்தது, எல்லாம் தெரியும். ஆனா எழுத உக்காந்தப்ப இருள், இருளர்னு கை பாட்டுக்கு எழுதிடுச்சு. ரெண்டு வருஷத்துல ஒரு தடவை கூட உறைக்கல.

பேரை மாத்திட்டேன். அது அஞ்சு நிமிஷ வேலை. அந்தக் கூட்டத்தையே அப்படி எழுத எனக்கு எப்படித் தோணிச்சுங்கறதுதான் விட மாட்டேங்குது. நம்மள்ல நெறைய பேர் இப்ப இந்த மாதிரி கதை எழுதறதால, யோசிச்சதைச் சொல்லி வைக்கிறேன்.

பல இனங்கள் வாழற உலகம்னதும் டோல்கின் ஞாபகம்தான் வருது. 1954ல, 55ல வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. அப்புறம் 1974ல வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு. இதெல்லாம் இறக்குமதிச் சரக்குன்னு நானும் நெனச்சேன். எங்க ஊரைச் சுத்திப் பாத்தாலே அந்த நெனப்பு போயிடும்.

நான் இருக்கறது ஜீயபுரம். திருச்சி - கரூர் ரோடு, காவிரித் தென்கரை. மேற்கே கொஞ்ச தூரத்துல முக்கொம்பு. அங்கதான் கொள்ளிடம் பிரிஞ்சு ஸ்ரீரங்கம் தீவு ஆரம்பிக்குது. இங்க இருந்து பஸ் ஏறிக் கிழக்கே போனா ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு கதை. திருச்சிக்குப் பேர் குடுத்தவன் திரிசிரன்கற மூணு தலை அசுரன்னு ஸ்தலபுராணம் சொல்லுது. ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாளைத் தூக்கிட்டு வந்தது விபீஷணன், அரக்கன். வழியில காவிரிக்கரையில இறக்கி வெச்சவனால திரும்பத் தூக்க முடியல. அழுதவனைச் சமாதானப்படுத்த, 'உன் ஊரைப் பாத்தே படுத்திருக்கேன்'னு தெற்கே பாத்துப் படுத்தார் ரங்கநாதர். விபீஷணன் கிட்டக் குட்டு வாங்கின பிள்ளையார் மலை உச்சியில உக்காந்திருக்கார். திருவானைக்காவல் கோயிலுக்குக் காரணம் ஒரு யானையும் ஒரு சிலந்தியும். எப்படிச் சாமி கும்பிடறதுன்னு ரெண்டுக்கும் தகராறு! அந்தச் சிலந்திதான் மறுபிறவியில கோச்செங்கட்சோழனாப் பொறந்து, யானை நுழைய முடியாத மாடக்கோயில்களாக் கட்டித் தள்ளினான்னு கதை. பழைய தலைநகரம் உறையூர்ல ஒரு கோழி யானையை ஜெயிச்சுது. அதனால அந்த ஊருக்கே கோழின்னு பேர்.

இதுல மனுசன் எங்க? கூட்டத்துல ஒருத்தன். அவ்வளவுதான். :-)

இதுக்குப் பழைய கணக்கே ஒண்ணு இருக்கு, பதினெண் கணம்னு. தேவர், அசுரர், கின்னரர், கிம்புருடர், கருடர், இயக்கர், இராக்கதர், கந்தருவர், வித்தியாதரர், நாகர், பூதர், வேதாளர்னு நீளமாப் போகும். நூலுக்கு நூல் பட்டியல் கொஞ்சம் மாறும். நான் பாத்த எந்தப் பட்டியல்லயும் மனுசன் இல்ல.

பரமார்த்த குரு கதையில சீடனுங்க ஆத்தைக் கடந்துட்டு ஆள் எண்ணுவாங்களே, அந்தக் கதைதான் ஞாபகம் வருது. எண்ணினவன் தன்னை விட்டுட்டு எண்ணி, ஒருத்தன் கொறையறான்னு ஒப்பாரி வைப்பாங்க. எழுதினவர் வீரமாமுனிவர், நம்ம பக்கத்து ஏலாக்குறிச்சியில இருந்தவர்தான். சின்ன வயசுல அந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சேன். என் கதையில நான் பண்ணியிருந்ததும் அதே வேலை. உலையருக்குக் கோவம் ஜாஸ்தி, நீரருக்குத் தந்திரம் ஜாஸ்தி, காட்டுக்காரங்களுக்குக் கொடூரம்னு ஆளுக்கொரு குணம் எழுதி வெச்சிருந்தேன். மனுசங்களுக்கு மட்டும் ஒண்ணும் எழுதல. அவங்க சும்மா 'ஆளுங்க'. நல்லவன், கெட்டவன், சோம்பேறி, காதலிக்கிறவன்னு விதவிதமா இருந்தாங்க.

அந்த விளையாட்டுலயும் இதேதான். அதோட பழைய பதிப்புகள்ல குள்ள இனத்துல பொறந்தவன் மந்திரவாதி ஆக முடியாது. மத்த இனத்துக்காரன் பெரும்பாலான தொழில்கள்ல இத்தனாவது படிக்கு மேல ஏறவும் முடியாது. மனுசனுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்ல. 2000ல வந்த மூணாம் பதிப்புலதான் இந்த விதிகளை எடுத்தாங்க. 'இனம்'ங்கற சொல்லையே தூக்கிட்டு 'உயிர்வகை'ன்னு மாத்தினது 2024 பதிப்புல. பொறப்பை வெச்சுத் தொழில், பொறப்பை வெச்சு உயரம்... அமெரிக்காக்காரனுக்கு அது வெறும் விளையாட்டு விதியா இருந்திருக்கலாம். நமக்கு அப்படியா? டீக்கடை பெஞ்சுல உக்காந்தா தினமும் காதுல விழறதுதானே. "அவங்க எல்லாம் அப்படித்தாங்க, ரத்தத்துலயே வர்றது." சொல்ற ஆளைக் கவனிச்சுப் பாருங்க. அவர் எந்த 'அவங்க'ன்னு அவரே சொல்லிக்க மாட்டார். எண்ணும்போது தன்னை விட்டுடுவார்.

கம்பர் வேற மாதிரி எண்ணியிருக்கார். விபீஷணன் அடைக்கலம் வந்ததும் ராமன் ஒரு கணக்குச் சொல்றான். அண்ணன் தம்பி நாலு பேரா இருந்தோம், குகன் வந்து அஞ்சானோம், சுக்ரீவனோட ஆறு, உன்னோட ஏழுன்னு. வேடன், வானரன், அரக்கன், எல்லாருமே கூடப்பிறந்தவங்க கணக்கு. அந்தக் காவியம் அரங்கேறினதாச் சொல்ற மண்டபம் ஸ்ரீரங்கத்துல தாயார் சன்னதிக்கு எதிர்லதான் இருக்கு. அதே கம்பர்ல வாலி அடிபட்டு விழுந்து கேக்கற கேள்விகளையும் படிங்க. அரக்கன் ஒருத்தன் பண்ணின தப்புக்குக் குரங்கு ராஜாவைக் கொல்லணும்னு எந்த நூல் சொல்லுதுன்னு கேக்கறான். எங்க ஜனத்துக்கு உங்க கல்யாண முறையெல்லாம் கிடையாதேன்னும் கேக்கறான். நல்லது கெட்டது தெரிஞ்ச நீ உன்னை மிருகம்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு ராமன் பதில் சொல்றான். பதில் சரியா தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் பட்டிமன்றம் நடக்குது. என்னைப் பொறுத்தவரை, இன்னொரு இனத்துக்காரன் மனுசனை நிறுத்திக் கேள்வி கேக்கறான், மனுசன் பதில் சொல்லியாகணும், அதுவே பெரிய விஷயம். என் கதையில யாரும் மனுசனை ஒரு கேள்வி கூடக் கேக்கல.

இதைவிட எனக்குப் புடிச்சது மணிமேகலையில வர்ற சாதுவன் கதை. கப்பல் கவுந்து, நக்கசாரணர்னு சொல்ற நாகர்களோட மலையில ஒதுங்கறான். அவங்க மனுசனைத் தின்னறவங்க. தூங்கறவனை எழுப்பித் திங்க வர்றாங்க. அவன் அவங்க பாஷையிலயே பேசறான். அவ்வளவுதான், அப்படியே நின்னுடறாங்க. தலைவன் கிட்டக் கூட்டிட்டுப் போனா, அவன் கள்ளும் கறியும் பொண்ணும் குடுக்கச் சொல்றான். வேண்டாம்னதும், இதெல்லாம் இல்லாம அப்புறம் வாழ்க்கையில என்னப்பா இன்பம் இருக்குன்னு கேக்கறான். நியாயமான கேள்வி! ரெண்டு பேரும் உக்காந்து பேசறாங்க. கடைசியில, கப்பல் உடைஞ்சு வர்றவங்களைக் கொல்லாதீங்க, மூப்பு வந்து செத்த மிருகத்தைத் தவிர எதையும் திங்காதீங்கன்னு, அவங்களால முடிஞ்ச அளவுக்கு ஒரு அறத்தைச் சொல்லிட்டு வர்றான். ஒரு வெட்டுக்குத்து கிடையாது. பாஷை தெரிஞ்சதால ஒருத்தன் பொழைச்சான். இத்தனைக்கும் அதுலயும் கத்துக்குடுக்கறது மனுசன், கத்துக்கறது நாகன். எழுதினவர் மனுசனாச்சே. :-)

"கதையைக் கதையாப் பாருய்யா, யாருக்கு வலிக்கப் போகுது?"ன்னு நீங்க கேக்கலாம். வலிச்சிருக்கு. அரக்கர்னு எழுதினது எங்களைத்தான்னு ஒரு பெரிய கூட்டமே இந்த மண்ணுல சொல்லியிருக்கு. புலவர் குழந்தை மூவாயிரத்துக்கு மேல பாட்டு எழுதி, இராவணனை நாயகனா வெச்சு 1946ல 'இராவண காவியம்' கொண்டு வந்தார். 1948ல அரசாங்கம் தடை பண்ணிச்சு. தடை நீங்கினது 1971ல. அவர் வாசிப்பை நீங்க ஒத்துக்கலாம், மறுக்கலாம். 23 வருஷம் தடை பண்ணி வெக்கற அளவுக்குக் கனமான விஷயம்னு மட்டும் ரெண்டு தரப்புக்கும் தெரிஞ்சிருந்தது. ஆர்க் இனத்தைப் பொறப்புலயே கெட்டதா எழுதினது சரியான்னு டோல்கினே குழம்பினது அவர் கடிதங்கள்ல தெரியுது.

அப்ப வில்லனே கூடாதான்னா, தாராளமா வைங்க. ஆளை வில்லனா வைங்க, ஜனத்தை வைக்காதீங்க. இலங்கையில ஒரே வீட்டுல மூணு அண்ணன் தம்பி. ஒருத்தன் தப்புப் பண்றான். ஒருத்தன் விட்டுட்டுப் போறான். ஒருத்தன் இது தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, சோறு போட்டவனுக்காகப் போய்ச் சாகறான். சீதைக்குத் துணையா உக்காந்திருந்த திரிசடையும் அந்த வீட்டுப் பொண்ணுதான். அரக்கர்னு ஒரு குணம் அதுல எங்க இருக்கு?

நான் இப்ப வெச்சிருக்கற சோதனை ரெண்டே ரெண்டு. நான் உருவாக்கின ஒவ்வொரு ஜனத்துக்குள்ளயும் அவங்களுக்குள்ளயே ஒரு சண்டை இருக்கணும். அப்புறம், அவங்க வாயால மனுசங்களைப் பத்திப் பேச வைக்கணும். ரெண்டாவதை எழுதிப் பாத்தப்பதான் மனுசன் பத்தொன்பதாவது கணமா உள்ள வந்து உக்காந்தான். காட்டுக்காரக் கிழவி ஒருத்தி பேரனுக்குச் சொல்றா: "அவங்க நெலத்தைக் கயிறு போட்டு அளந்துட்டு 'என்னது'ன்னு சொல்ற ஜனம்டா. செத்துப் போனவங்க மூஞ்சியைச் சுவத்துல மாட்டி, தெனம் பூ வைக்கிற ஜனம். பயம் வந்தா கூட்டமா வருவாங்க. தனியா வந்தா நல்லவங்கதான்." எழுதி முடிச்சதும் கொஞ்ச நேரம் வெளியில போய் நின்னுட்டு வந்தேன்.

அந்தக் கிழவியை நான் புதுசா யோசிக்கல. எங்க ஊர்க்காரிதான். காவிரிக்குப் போன பேரன் ரங்கன் வெள்ளத்துல போயிட்டான்னு ஒரு பாட்டி "ரங்கா, ரங்கா"ன்னு அழுதாளாம். பேரன் மாதிரியே ஒருத்தன் வந்து நின்னான். பழைய சோறும் மாவடுவும் போட்டா. அவன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே நெஜப் பேரன் வாசல்ல வந்து நிக்கறான். உள்ள இருந்தவரைக் காணோம். அதுக்காகத்தான் பங்குனித் திருவிழாவுல நம்பெருமாள் வருஷா வருஷம் ஆத்தைத் தாண்டி ஜீயபுரம் வர்றார்.

கடைசி அத்தியாயத்துல, வழி தப்பின மனுசப் பையன் ஒருத்தன் ராத்திரி அந்தக் காட்டுக் கிழவி வீட்டுக் கதவைத் தட்டறான். பாட்டிக்குக் கண்ணு மங்கல். பேரன்னு நெனச்சுச் சோறு போட்டுடறா. பாதியில தெரிஞ்சுடுது. இலையை எடுக்கல.

அக்கா பொண்ணு படிச்சுட்டு "இது பரவால்ல மாமா"ன்னா. மாவடு அந்தக் காட்டுல கிடைக்குமான்னு மட்டும் இன்னும் முடிவு பண்ணல.