பற்று எது, வரவு எது: கணக்கியல் மேற்படிப்பும் அதன் மொழி வாயிலும்

குப்பத்தை அடுத்த குடுபல்லியில் ஒரு மளிகைக் கடையின் முன் அரை மணி நேரம் நின்றால் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றிலும் கணக்குப் பேசக் கேட்கலாம். சொற்கள் எல்லையைத் தாண்டும்போது வேலையை மாற்றிக்கொள்கின்றன. தெலுங்கு வணிகவியல் பாடநூலில் ‘சிட்டா’ என்பது நாள்தோறும் நடவடிக்கைகளைப் பதியும் குறிப்பேடு. சில கல் தொலைவு கடந்து வேப்பனப்பள்ளிப் பக்கம் வந்துவிட்டால் சிட்டா என்பது வருவாய்த் துறையின் நிலப் பதிவு. பழைய தமிழ்க் கடைகளிலோ ‘சிட்டை’ என்பது அன்றாடக் கணக்கெழுதும் துண்டுக் காகிதம். மூன்று மொழி வழங்கும் இந்த மூலையில் ஒரு மாணவர் கணக்கியலில் மேற்படிப்பை நாடும்போது, எண்களுக்கு முன்னால் அவரை எதிர்கொள்வது சொல்தான்.

தமிழ்நாட்டின் மேல்நிலைக் கணக்குப்பதிவியல் பாடநூல் ஆங்கிலத்தின் டெபிட்டைப் ‘பற்று’ என்றும் கிரெடிட்டை ‘வரவு’ என்றும் தமிழாக்குகிறது. இரண்டும் கடைத்தெருவின் சொற்களே. ஆயினும் முதல் வகுப்பிலேயே மாணவர் தடுமாறுகிறார். பணம் கைக்கு வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுதச் சொல்கிறார் ஆசிரியர்; வீட்டில் பணம் வந்தால் அது வரவு. இது மாணவரின் மந்த புத்தியன்று. பழைய நாள்வழி ஏடு எதிராளியின் பக்கம் நின்று எழுதப்பட்டது. கந்தன் ஐந்நூறு ரூபாய் கட்டினால் ‘கந்தன் வரவு 500’ என்று இடப்பக்கம் எழுதி, பேரேட்டில் கந்தன் கணக்கிலும் அதையே வரவு வைத்தார்கள். ரொக்கத்தைத் தனியொரு ஆளாகக் கருதி அதற்கும் ஒரு கணக்குத் திறக்கும் பாடநூல் முறையில், அதே ஐந்நூறு ரூபாய் கந்தனுக்கு வரவாகவும் ரொக்கத்திற்குப் பற்றாகவும் இரு முகம் கொள்கிறது. சொல் மாறவில்லை, நோக்கு நிலை மாறியது. இதை விளக்க ஒரு பாடவேளை போதும். விளக்காமல் ‘விதியை மனப்பாடம் செய்’ என்று சொல்லிவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

கடல் கடந்தால் குழப்பம் தலைகீழாகிறது. இலங்கையில் ‘கணக்கீடு’ எனப்படும் பாடத்தில் டெபிட் என்பது ‘வரவு’, கிரெடிட் என்பது ‘செலவு’. யாழ்ப்பாணத்து மாணவர் காசுக் கணக்கை வரவு வைக்கிறார். கிருஷ்ணகிரி மாணவர் அதே நடவடிக்கைக்கு ரொக்கக் கணக்கைப் பற்று வைக்கிறார். கிருஷ்ணகிரியில் ‘வரவு’ எந்தப் பக்கமோ, யாழ்ப்பாணத்தில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். தமிழில் கணக்கியலைக் கற்பிக்க முடியாது என்போர் இந்த முரணைச் சான்றாகக் காட்டக்கூடும். உண்மையில் அது காட்டுவது வேறு: இரு நாடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் கணக்கியல் கற்பிக்கப்பட்டே வருகிறது, இரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் பேசும் கல்விப்புலம்தான் உருவாகவில்லை. நகரத்தார் வட்டிக் கடைகளில் இருப்புநிலைக் குறிப்பை ‘ஐந்தொகை’ என்றார்கள். அச்சொல் இலங்கைப் பாடநூலில் நெடுங்காலம் வாழ்ந்தது, தமிழ்நாட்டுப் பாடநூலில் இடம்பெறவில்லை. ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குரிய பொருள் இது.

இனி மேற்படிப்பு. இந்தியாவில் கணக்கியலில் முதுகலைப் பட்டம் ஒருபுறம், தொழில் மறுபுறம். எம்.காம். முடித்தவர் ஒரு நிறுவனத்தின் தணிக்கை அறிக்கையில் கையொப்பமிட முடியாது. அந்த உரிமை 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர்க்கே உண்டு. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு சி.ஏ. தகுதியை முதுகலைப் பட்டத்துக்கு நிகரானதாக ஏற்றது. சி.ஏ. முடித்தவர் ஆய்வுப் படிப்புக்கு வரலாம் என்ற கதவு அவ்வாறு திறந்தது. எதிர்த்திசையில் கதவு இல்லை. வணிகவியலில் 55 விழுக்காடு பெற்ற இளநிலைப் பட்டதாரி அடிப்படை நிலைத் தேர்வைத் தவிர்த்து நேராக இடைநிலைக்குச் செல்லலாம். முதுகலைப் பட்டதாரிக்கும் அதே சலுகைதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. கூடுதலாகச் செலவிட்ட இரண்டு ஆண்டுகள் அந்தத் தராசில் எடையற்றவை. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த மாணவரிடம் இதை இளநிலை இரண்டாம் ஆண்டிலேயே சொல்லும் துறைகள் எத்தனை?

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே உரிமம் பெற 150 மணிப் பாட அளவு வேண்டும் என்ற விதியால், இளநிலைக்குப் பின் ஓராண்டு முதுகலைக் கணக்கியல் படிப்பது பலருக்கு இயல்பான வழியாயிற்று. அந்தக் கூடுதல் ஓராண்டின் செலவே மாணவர்களை விலக்குகிறது என்ற விவாதம் வலுத்து, 2025இல் ஓஹையோ மாநிலம் இளநிலைப் பட்டமும் இரண்டாண்டு அனுபவமும் போதும் என்ற மாற்று வழியைச் சட்டமாக்கியது. தொழிலின் வாயில் எங்கே இருக்க வேண்டும் என்பதை அங்கே வெளிப்படையாக விவாதிக்கிறார்கள்.

இங்கே வாயிலில் இன்னொரு பூட்டு உண்டு, அது மொழி. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழில் இயலாது, தெலுங்கில் இயலாது, கன்னடத்திலும் இயலாது. குடுபல்லியின் மூன்று மொழிகளில் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை. ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும் மொத்தத்தில் 50 விழுக்காடும் பெற்றாக வேண்டிய தேர்வு அது. கணக்குத் தாள்களில் எண்கள் ஓரளவு கைகொடுக்கும். நிறுவனச் சட்டத்திலும் தணிக்கையிலும் பத்தி பத்தியாக எழுத வேண்டும். தாய்மொழி வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் அங்கேதான் சரிகிறார். இந்தி வழியில் படித்தவர் தன் மொழியில் அதே பத்தியை எழுதுகிறார். இந்தி மாணவரிடமிருந்து அந்த வாய்ப்பைப் பறிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அது அவருக்கு உரியதென்றால் மற்றவர்க்கு ஏன் இல்லை என்பதே கேள்வி.

மற்றத் தேர்வுகளைப் பார்த்தால் இது இன்னும் விந்தையாகிறது. மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் 13 மொழிகளில் நடக்கிறது. குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் வணிகவியலும் கணக்கியலும் விருப்பப் பாடமாக உண்டு. வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தாலும், விடையை எட்டாவது அட்டவணை மொழி எதிலும் எழுதலாம். ஆக, தமிழில் கணக்கியல் எழுதி ஒருவர் மாவட்ட ஆட்சியராகலாம். பட்டயக் கணக்காளராகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. இலங்கையில் ஏ.ஏ.டி. கணக்கியல் தேர்வுகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் நடப்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம்.

மறுப்பு ஒன்று உண்டு, அது எளிதில் தள்ளத்தக்கதன்று. நிறுவனச் சட்டம், கணக்கியல் தரநிலைகள், தணிக்கை அறிக்கை யாவும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் அறியாத தணிக்கையாளரை வாடிக்கையாளர் நம்புவாரா? நம்பமாட்டார். ஆகவே இறுதி நிலை ஆங்கிலத்தில் இருப்பதில் பெரிய குற்றமில்லை. ஆனால் அடிப்படை நிலையிலும் இடைநிலையிலும் சோதிக்கப்படுவது கணக்கறிவா, ஆங்கில உரைநடையா? இடைநிலைக்கும் இறுதி நிலைக்கும் நடுவே ஆர்ட்டிகல்ஷிப் என்னும் பயிற்சிக் காலம் இருக்கிறது. 2023இன் புதிய திட்டத்தில் அது மூன்றாண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துள்ளது. தொழில் ஆங்கிலத்தை அலுவலகத்தில், உண்மையான கோப்புகளின் மேல் கற்க அந்த இரண்டாண்டு உதவும். பாடநூலும் பயிற்சி வினாக்களும் இல்லாமல் மொழியுரிமையை மட்டும் அறிவித்தால் அது காகிதத்தில் தூங்கும் என்பதும் உண்மையே.

விதிகள் கல்லில் பொறித்தவை அல்ல என்பதற்கு இத்தொழிலின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1933இல் தேர்ச்சி பெற்று இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் எனப் பெயர்பெற்ற சென்னையின் ஆர். சிவபோகம், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். சிறை சென்றவர் தொழில்முறைப் பதிவு பெற முடியாது என்ற விதி அவரை மறித்தது. வழக்காடி வென்ற பிறகே அவர் தொழிலில் இறங்கினார். பின்னர் 1950களில் கழகத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைமையும் ஏற்றார்.

மொழியின் பங்கு பல்கலைக்கழகங்களின் கையில் இருக்கிறது. 1997இல் குப்பத்தில் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் தென்மொழிகளை ஒருசேர ஆராய எழுந்தது. மொழியியலாளரும் வணிகவியலாளரும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடத்தில், கணக்கியலுக்கான தமிழ்–தெலுங்கு–கன்னடச் சொல்லடைவைத் தொகுப்பது எம்.காம். மாணவருக்கு ஓர் ஆய்வேடாக அமையலாம். கையெழுத்துப் பேரேடுகள் இன்னும் பழைய கடைகளின் பரணில் கிடக்கின்றன. தொடங்குவதற்கு ஒரு சொல்லும் தயாராக இருக்கிறது: இருப்பாய்வு பொருந்தாதபோது வேறுபாட்டைத் தற்காலிகமாக ஏற்றிவைக்கும் கணக்கைத் தமிழ்ப் பாடநூல் ‘அனாமத்து’ என்கிறது, தெலுங்குப் பாடநூல் ‘அனாமது’ என்கிறது.