வலியை மறக்க ஒரு பனி உலகம்

குழந்தை சாப்பிட அடம் பிடித்தால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? "இரு, டாக்டர் மாமாவிடம் சொல்லி ஊசி போடச் சொல்கிறேன்!" சாதம் உள்ளே போய்விடுகிறது, கூடவே பயமும் போய்விடுகிறது. பிறகு நிஜமாகவே ஊசி போடும் நாள் வந்தால், முனை தோலைத் தொடுமுன்பே வீறிட்டு அலறுகிறது. பயந்த மனசுக்குச் சிறு வலியும் பெரிதாகத் தெரியும், அல்லவா?

அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து ஹார்பர்வியூ ஆஸ்பத்திரியில் தீப்புண்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. தீப்புண் பட்ட குழந்தைக்குக் கட்டை அவிழ்த்துப் புண்ணைச் சுத்தம் செய்யும் வேளைதான் மகா கொடுமை. வலி மருந்து கொடுத்தும் அப்போது துடித்துப் போகும். இதற்கு என்ன வழி என்று ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்ஸன் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் 1996-ல் ஆராய ஆரம்பித்தார்கள். அதன் பலனாகப் பிறந்ததுதான் 'ஸ்னோ வேர்ல்ட்' என்னும் பனி உலகம்.

கண்களை முழுவதும் மூடும் வி.ஆர். கண்ணாடியைக் குழந்தை மாட்டிக்கொள்கிறது. உடனே ஆஸ்பத்திரி மறைந்துவிடுகிறது! நாலா பக்கமும் பனிமலை. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. எதிரே பனி பொம்மைகளும் பென்குவின் பறவைகளும். அவற்றின் மேல் பனிப்பந்தை எறிந்து விளையாட வேண்டியதுதான். இதற்குள் நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்கிறாள்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. வலியை உணரவும் கவனம் வேண்டும். கவனமோ மாதச் சம்பளம் மாதிரி. ஒன்றில் செலவழித்துவிட்டால் மற்றதற்குக் கையில் நிற்காது. 2004-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆரோக்கியமானவர்களின் காலில் சிறிது சூடு காட்டி, மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். பனி உலகத்தில் இருந்தபோது, வலியை உணரும் மூளைப் பகுதிகளின் வேலை நன்றாகக் குறைந்திருந்தது.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். கண்ணாடி மருந்துக்குத் துணைதான். மருந்தை நிறுத்திவிடக் கூடாது. சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஆகையால் டாக்டரைக் கேட்காமல் குழந்தைக்கு மாட்டக் கூடாது.

சகோதரிகளே, கண்ணாடி இல்லாவிட்டாலும் இந்த யுக்தி நம் கையில் இருக்கிறது. ஊசி போடும்போது குழந்தையை மடியில் உட்கார்த்திக் கொள்ளுங்கள். சோப்பு நுரைக் குமிழி ஊதச் சொல்லுங்கள். விடுகதை போடுங்கள். சும்மா வேடிக்கை காட்டினால் போதாது. குழந்தையே ஏதாவது செய்ய வேண்டும். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய் மட்டும் வேண்டாம். "கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், சீக்கிரம் சரியாகிவிடும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு முறை பொய் சொன்னால், அடுத்த முறை நம் நிஜத்தையும் குழந்தை நம்பாது.

டாக்டர் மாமாவைப் பூச்சாண்டி ஆக்குவதை இன்றோடு விட்டுவிடுவோமா?