வெளுத்த எண்ணெயின் விலை

மலேசியாவின் கேரி தீவில் விளையும் செம்பனைக் குலைகளை அவித்துப் பிழிந்தால் வடியும் எண்ணெய் செக்கச்செவேலென்று இருக்கும். கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் வகை நிறமிகள் அதில் உண்டு. நம் உடல் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும் சரக்கு. அதே எண்ணெய் கிள்ளான் மளிகைக்கடைக்கு வரும்போது வெளிர்மஞ்சளாகியிருக்கிறது.

அந்தச் சிவப்பில் ஒரு பங்கை மண் வாங்கிக்கொள்கிறது. சுத்திகரிப்பு ஆலையில், வெற்றிடத்தில், ஏறக்குறைய 100 டிகிரி சூட்டில் வெளுப்பு மண்ணை எண்ணெயோடு அரைமணி நேரம் போலக் கலக்குவார்கள். அமிலத்தில் பதப்படுத்திய களிமண் அது. ஒரு கிராமின் நுண்துளைகளுக்குள் 200 சதுர மீட்டருக்கும் மேலான பரப்பு இருக்கும்; இரண்டு பூப்பந்து ஆடுகளங்களைவிடப் பெரிது. நிறமியும் இரும்பு, செம்புத் துணுக்குகளும் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. வேதியியலில் இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். எஞ்சிய கரோட்டினை, வாடை நீக்கும் கட்டத்தின் 240 டிகிரிக்கும் மேலான வெப்பம் சிதைத்துவிடுகிறது.

மண்ணைக் குறைசொல்வதற்கில்லை. உலோகத் துணுக்குகள் தங்கினால் எண்ணெய் சீக்கிரம் சிக்கடித்துப்போகும்.

வேலை முடிந்த மண்தான் சிக்கல். வடிகட்டியெடுத்த பிறகும் அதன் எடையில் 20 முதல் 30 விழுக்காடு எண்ணெய்தான். அவ்வளவு பெரிய பரப்பில் மெல்லியதாகப் படர்ந்த எண்ணெய் காற்றுபட்டுச் சூடேறும். குவித்துவைத்த மண் தானாகவே தீப்பற்றுவதும் உண்டு.

2024இல் மலேசியா 19 மில்லியன் டன்னுக்கு மேல் கச்சா செம்பனை எண்ணெய் எடுத்தது. அவ்வளவையும் நூற்றுக்கு ஒரு பங்கு மண் போட்டு வெளுத்தால் 1,90,000 டன் மண் வேண்டும். வேலை முடிந்த மண்ணின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று வைத்தாலும் அதில் சிக்குவது 47,500 டன். கரைப்பான் கொண்டு அந்த எண்ணெயைப் பிரித்தெடுத்து பயோடீசல் செய்யலாம். மிஞ்சும் மண்ணைச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் சேர்க்கலாம். இந்த வழிகளெல்லாம் தெரிந்தவைதான்.

ஆலைகள் அவற்றைக் கைக்கொள்கின்றனவா என்று தெரிய வேண்டும். ஆகவே இவ்வளவு மண் வாங்கினோம், இவ்வளவு எண்ணெய் மீட்டோம், மிச்சம் இன்ன இடத்துக்குப் போனது என்று ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுவதைச் சட்டமாக்க வேண்டும். வாங்குவோருக்கும் இதில் பங்குண்டு. வெளிறிய எண்ணெய்தான் சுத்தமானது என்ற எண்ணம் கடையில் நிலைத்திருக்கும்வரை ஆலையும் மண்ணைக் குறைக்காது. கரோட்டினைக் காத்து, மிதமான சூட்டில் சுத்திகரித்த சிவப்பு எண்ணெய் மலேசியாவிலேயே தயாராகிறது; ஆழப் பொரிக்க வேண்டாம், குழம்பு தாளிக்க அதை வாங்கலாம்.