மானும் பூனையும்

14 ஆண்டுகள் வீட்டில் வளர்ந்த பூனை மறைந்துவிட்டால், அதன் குறை முதலில் தெரிவது விடியற்காலையில்தான். கோலமிடக் கதவைத் திறக்கையில் காலைச் சுற்றிக் குழையும் உருவம் இல்லை. பூஜை முடியும்வரை வாசற்படியில் காத்திருக்கும் கண்கள் இல்லை. பிள்ளைகள் வெளியூரில் வாழ, இருவராய் இருக்கும் முதிய தம்பதியரின் இல்லத்தில் இந்த வெறுமை சிறியதன்று. பூனைக்கா இத்தனை துக்கம் என்று கேட்போர் கேட்கட்டும்.

துக்கம் சற்றுத் தணிந்ததும், வேறொரு பூனையை அழைத்து வரலாமா என்ற எண்ணம் எழுகிறது. உடனே பரதரின் கதையும் நினைவுக்கு வந்து அச்சுறுத்துகிறது. ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தம் கூறும் வரலாறு அது. அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவமிருந்த பரதர், வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட, தாயை இழந்த மான்குட்டியை எடுத்து வளர்த்தார். இறுதிக் கணத்திலும் அதனையே எண்ணியிருந்ததால் மறுபிறவியில் மானாகப் பிறந்தார். முதுமையில் இதைக் கேட்போர் அஞ்சுவது இயல்பே. ஆயினும் குட்டியைக் காத்த கருணையைப் பாகவதம் குறை கூறவில்லை. மானின் நினைவில் நித்திய அனுஷ்டானங்கள் ஒவ்வொன்றாய் நழுவிப்போனதையே அது வருத்தத்துடன் விவரிக்கிறது.

திருவண்ணாமலை ரமணாசிரமத்திலோ பசு லட்சுமிக்கு மட்டுமன்றி மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும்கூடச் சமாதிகள் உள்ளன. 1948 ஜூன் 18 அன்று லட்சுமி உயிர் நீத்த வேளைக்கு முன், பகவான் ரமணர் அதன் அருகே அமர்ந்து தலைமீது கை வைத்திருந்தார். பற்றற்றவர் என உலகம் போற்றும் ஞானி அவர்.

ஆகவே மறுபிறவியைவிட நியாயமான கவலை வேறொன்று உண்டு. நமக்குப் பின் இதை யார் பார்ப்பார்கள்? வீட்டுக்குள் வளரும் பூனை 15 ஆண்டுகளும் வாழக்கூடும். 75 வயதில் குட்டியைக் கொணர விரும்புவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். ஐந்தாறு வயது கடந்த பூனையே அத்தகைய இல்லத்துக்கு ஏற்றது. குட்டியைப்போல் ஓயாமல் காலிடையே ஓடித் தடுமாறச் செய்யாது. யாவரும் குட்டிகளையே நாடுவதால் காப்பகங்களில் வளர்ந்த பூனைகளைக் கேட்பார் குறைவு. சென்னையில் 1959-இல் தொடங்கப்பெற்ற ப்ளூ கிராஸ் போன்ற இடங்களில் விசாரிக்கலாம். பின்னாளில் ஏற்றுக்கொள்வதாக மகளோ அண்டை வீட்டாரோ வாக்களித்த பிறகு அழைத்து வருதல் நன்று.

சைவ உணவு உண்ணும் இல்லத்தார் பேசத் தயங்கும் செய்தியும் ஒன்றுண்டு. பூனை பிறவியிலேயே புலால் உண்ணி. தயிர்சாதம் மட்டும் இட்டு வளர்த்தால் டாரின் என்னும் சத்துக் குறைந்து, கண்பார்வையும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை. கடையில் விற்கும் பூனை உணவைப் பின்கட்டில் தனித்தட்டில் வைத்துவிடலாம். அதற்கும் மனம் இசையாதவர்கள், பசுவுக்கு அகத்திக்கீரையும் காக்கைக்கு அன்னமும் இட்டு நிறைவடைவது பூனைக்கும் நல்லது.

புதிதாய் வந்த பூனை முதல் சில நாட்கள் கட்டிலுக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும். இழுத்து எடுக்கலாகாது. மறைந்ததன் பெயரால் அழைக்கவும் வேண்டியதில்லை. ஒரு விடியலில், தீபாராதனை முடிந்து திரும்பிப் பார்க்கையில், பழையது காத்திருந்த வாசற்படியில் அன்று, துளசி மாடத்தின் அருகே அது அமர்ந்திருக்கும்.