தோட்டத்து இளைஞனுக்கு 2 ஏக்கர் இல்லையா?

ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். ஏழாண்டுகள் கழித்து, 1874இல், கண்டி விளையாட்டுக் கழகம் தோன்றிற்று. மலையைத் திருத்திய தமிழன் லயத்து அறையில் ஒடுங்கிக் கிடந்தான்; துரைமார் பந்தாடி மகிழ்ந்தனர். பிற்காலத்தில் அக்கழகம் இந்நாட்டவர்க்கும் கதவைத் திறந்தது. நித்தவளை மைதானத்தில், றக்பி ஆட்டத்தில், அது ஈட்டிய புகழைக் குறைத்துரைப்பதற்கில்லை. ஆனால், தேயிலைக்கு வயது நூற்றைம்பதைத் தாண்டிய பின்னும், கொழுந்து கொய்பவளின் மகன் சரிவில் உருண்டோடிய பந்தை ஓடைக்குள் தேடிக்கொண்டிருக்கிறானே!

“முதலில் கூலி, ஆட்டம் பிறகு” என்பர் சிலர். கூலிக் கோரிக்கையின் நியாயத்தை யார் மறுத்தார்? ஆயினும், இவர்கள் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். இன்று உலகெங்கும் பெயர் பரவிய மான்செஸ்டர் யுனைட்டெட் 1878இல் நியூட்டன் ஹீத் ரயில்வேப் பட்டறைத் தொழிலாளரின் கழகமாகவே பிறந்தது. 1902இல்தான் இப்பெயர் பெற்றது. 1886இல் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலை உழைப்பாளர் கூடியமைத்தது ஆர்சனல். ஐந்தாண்டுகளில் அது ஊதியம் வழங்கும் கழகமாயிற்று. பீரங்கியே இன்றும் அதன் சின்னம். தேம்ஸ் நதிக்கரை இரும்பாலையில் கப்பல் கட்டியோர் 1895இல் தொடங்கிய கழகமே வெஸ்ட் ஹாம். அதன் ஆட்டக்காரர் மார்பில் குறுக்கிட்டு நிற்பவை இரு சம்மட்டிகள். கோடி கோடியாகப் பணம் புரளும் இந்நாளிலும் பாட்டன் ஏந்திய கருவியை மறைக்க அவர்கள் நாணவில்லை. கொழுந்துக் கூடையைச் சின்னமாகத் தரித்து நம் இளைஞர் களமிறங்கினால் அதில் என்ன இழிவு?

அவ்விரும்பாலைக் கழகத்திற்குப் பொருளுதவி செய்தவர் ஆலை முதலாளி ஆர்னல்ட் ஹில்ஸ் என்பதையும் நம் தோட்ட நிர்வாகங்கள் அறிதல் நன்று. இங்கே நிர்வகிப்பது கம்பனியாயினும் சபையாயினும், பெரும்பாலான தோட்டங்களின் நிலம் அரசுடையது. ஆதலின், தட்டிக் கழிக்க இரு தரப்பாருக்கும் வழியில்லை. முழு அளவு உதைபந்தாட்ட மைதானத்திற்கு வேண்டியது ஏறத்தாழ 2 ஏக்கர். மலைச்சரிவில் சமநிலம் அரிது என்பது மெய்யே. (துரை பங்களாவின் புல்தரைக்கு மட்டும் அது எப்படிக் கிடைத்ததோ!) விளைச்சலற்றுப் புதர் மண்டிய தேயிலை நிலத்தில் அவ்விரண்டு ஏக்கரை அளந்து, வெட்டிச் சமன்செய்து, இளைஞர் கழகத்தின் பெயரிலேயே எழுதிக் கொடுக்கட்டும். வாய்வழி அனுமதி வேண்டாம். துரை மாறினால் அனுமதியும் மாறும். தேர்தல் நாளில் பந்தும் சட்டையும் வழங்க ஓடிவரும் தலைவர்கள், இந்தப் பத்திரத்தைக் கையிலேந்தி வரட்டும்.